பதினேழு நாள் கணக்கு: செம்மறி மந்தையும் நம் வகுப்பறையும்

(உயிரியல், வேளாண் அறிவியல் மற்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘செம்மறியாடுகளில் சினைப்பருவ ஒருங்கிணைப்பும் செயற்கைமுறைக் கருவூட்டலும்’. தலைப்பை வாசித்தவுடன் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ‘இது நமக்கு இல்லை, பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நிம்மதி. கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பாடத்தில் பாதி கணக்குதான். கூட்டலும் கழித்தலும், பதினேழால் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நம்மைவிட வேகமாக வரும்.

முதல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மந்தையில் சினையாகாத பெட்டையாடுகள் 100 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். செம்மறிக்கு ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் இருக்கும். அப்படியானால் இன்று காலை எத்தனை ஆடு பருவத்துக்கு வந்திருக்கும்? 100-ஐ 17-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆறு. நாளைக்கு வேறு ஆறு. அதற்கு மறுநாள் இன்னொரு ஆறு. கிடா மந்தையோடு திரிந்தால் இந்த ஆறு ஆறாகச் சினை பிடித்துக்கொண்டு போகும். பிடிக்காமல் தவறியது 17 நாள் கழித்து மறுபடி வரும். 147 நாள் கழித்துக் குட்டிகளும் இதே மாதிரி சிதறிப் பிறக்கும். இன்று நான்கு, நாளை இரண்டு, ஒரு வாரம் ஒன்றுமில்லை, பிறகு ஐந்து.

இந்தச் சிதறலை ஒன்றாகச் சேர்ப்பதுதான் சினைப்பருவ ஒருங்கிணைப்பு. அந்த நூறு ஆடுகளும் ஏறத்தாழ ஒரே நாளில் பருவத்துக்கு வரும்படி செய்வது. அதை எப்படிச் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள், எங்கே செய்யக்கூடாது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த ஆறு ஆடுகள் எவை என்று நமக்கு எப்படித் தெரியும்?

மாடு என்றால் தெரியும். கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடிபோல் சளி ஒழுக்கும், தீனி குறையும். வெள்ளாடுகூட வாலை ஆட்டிக்கொண்டு கத்தி ஊரைக் கூட்டிவிடும். செம்மறி அப்படியில்லை. பருவத்துக்கு வந்த செம்மறி, பருவத்துக்கு வராத செம்மறியைப் போலவே தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, கிடாவுக்குத்தான் தெரியும். அதனால் பண்ணைகளில் ஒரு கிடாவின் வயிற்றுக்குக் கீழே முன்தானைபோல் கெட்டித் துணியைக் கட்டி மந்தைக்குள் விடுவார்கள். அது தேடிக் கண்டுபிடிக்கும், தாவும், ஆனால் சேர முடியாது. அது எந்த ஆட்டின் பின்னால் போகிறதோ அந்த ஆட்டைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். இன்னும் எளிய வழி, காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் தடவிவிடுவது. தாவிய ஆட்டின் பின்முதுகில் காவி ஒட்டியிருக்கும். பதினாறு நாள் கழித்து நிறத்தை மாற்றித் தடவினால், இரண்டாவது நிறமும் ஏறிய ஆடு முதல் முறை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித மாதவிடாய்ச் சுழற்சியை நடத்துகிறீர்கள். முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் உருவாகிறது, அது புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது என்று படம் வரைந்து சொல்கிறீர்கள். செம்மறியிலும் அதே கதைதான். புரோஜெஸ்டிரான் இரத்தத்தில் இருக்கும்வரை மூளை அடுத்த முட்டையை விடுவிக்கச் சொல்வதில்லை. கருப்பை, கரு வருமென்று காத்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் பார்க்கும். கரு வரவில்லையென்றால் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து அனுப்பி, கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் சரியும். இரண்டு மூன்று நாளில் புதிய முட்டை முதிர்ந்து பருவம் வரும். மனிதரில் கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கக் கருப்பையின் உத்தரவு தேவையில்லை. கருப்பையை அகற்றிய பெண்ணுக்கும் சூலகச் சுழற்சி தொடர்கிறது. செம்மறியில் கருப்பையை எடுத்துவிட்டால் கார்பஸ் லூட்டியம் மாதக்கணக்கில் கரையாமல் நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ‘ஏன் சார்?’ என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார். செம்மறிக்கு மாதவிடாய் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பலர் பருவத்தையும் மாதவிடாயையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இயற்கை வைத்திருக்கும் இந்தத் தாழ்ப்பாளைத்தான் நாம் கையில் எடுக்கிறோம். புரோஜெஸ்டிரானோ அதைப் போன்ற செயற்கைப் பொருளோ ஊறவைத்த சிறு பஞ்சு உருளையை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைக்கிறோம். நூல் மட்டும் வெளியே தொங்கும். பஞ்சு உள்ளே இருக்கும் 12 முதல் 14 நாள்களில் ஒவ்வொரு ஆட்டின் சொந்தக் கார்பஸ் லூட்டியமும் தன் தேதியில் கரைந்துபோகும். ஆனால் பஞ்சிலிருந்து புரோஜெஸ்டிரான் வந்துகொண்டே இருப்பதால் எதுவும் பருவத்துக்கு வராது. எல்லாம் வாசலில் வந்து வரிசையில் நிற்கும். ஒரே நாளில் எல்லாப் பஞ்சையும் உருவிவிட்டால் எல்லாம் ஒன்றாக உள்ளே நுழையும். உருவிய 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வந்துவிடும். கருத்தடை மாத்திரையின் அடிப்படையும் இதேபோன்ற தாழ்ப்பாள்தான். ‘இனப்பெருக்க நலன்’ பாடம் நடத்துபவர்கள் இந்த ஒப்புமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பஞ்சு முறையை 1960களில் செப்பனிட்டவர் சிட்னி பல்கலைக்கழகத்தின் ராபின்சன். நம் நாட்டில் ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-ல் தொடங்கப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையம் ‘அவிகேசில்-எஸ்’ என்ற பெயரில் சொந்தமாகவே பஞ்சு உருவாக்கியிருக்கிறது. வெளிநாட்டுப் பஞ்சின் விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்களுக்கு அது பெரிய உதவி.

பஞ்சை எடுக்கும் நாளில் பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோன் ஊசியும் போடுவது வழக்கம். முட்டை முதிர்வதை அது தூண்டும். பருவ நேரத்தை இன்னும் இறுக்கும். அளவு கூடினால் ஒரே ஈற்றில் மூன்று நான்கு கரு உண்டாகி, ஒன்றும் தேறாமல் போகும். இந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரிக்கிறார்கள். அந்தக் குதிரைகளிடமிருந்து இரத்தம் எடுக்கும் முறை பற்றிக் கடுமையான எதிர்ப்பும் உலகில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வரும் நம் ஊர் ஆடுகளில், தீனி நன்றாக இருந்தால் இந்த ஊசி இல்லாமலும் பருவம் வரும். கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், முதலில் தீனிக்குச் செலவழியுங்கள் என்பேன்.

புரோஸ்டாகிளாண்டினையே ஊசியாகப் போடும் முறையும் உண்டு. 9 முதல் 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. மலிவு. ஆனால் ஏற்கெனவே சினையாக இருக்கும் ஆட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். சினைப் பரிசோதனை செய்யாமல் யாராவது ‘எல்லாவற்றுக்கும் ஒரு ஊசி போட்டுவிடலாம்’ என்றால், அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்போது கரும்பலகைக் கணக்குக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இந்தத் தொழில்நுட்பம் தோற்பது பெரும்பாலும் பஞ்சினால் அல்ல, நாள்காட்டியினால். எல்லோரும் ‘எப்போது பஞ்சு வைக்கலாம்?’ என்று தொடங்குகிறார்கள். கேட்க வேண்டியது, ‘குட்டி எப்போது பிறக்க வேண்டும்?’ என்பது. அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

நம் மாநிலத்தின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். நனைந்த தரையில் பிறந்த இரண்டரைக் கிலோ குட்டி, குளிரில் விறைத்தோ சளி பிடித்தோ சாகும். தையில் மழை ஓய்ந்திருக்கும், புல் நிற்கும், சம்பா அறுத்த தாள் வரப்போகிறது. தாய்க்குப் பால் ஊறும் காலம். ஆகவே ஜனவரி 15 என்று வைப்போம். மாட்டுப் பொங்கலை ஒட்டிய நாள், மறக்காது. சினைக்காலம் 147 நாள். ஜனவரியில் 15, டிசம்பரில் 31, நவம்பரில் 30, அக்டோபரில் 31, செப்டம்பரில் 30, ஆக 137. மிச்சம் 10 நாள் ஆகஸ்டில். 31-லிருந்து 10 போனால் 21. ஆகஸ்ட் 21 அன்று கருவூட்ட வேண்டும். பஞ்சு உருவியதிலிருந்து கருவூட்டல் வரை ஏறத்தாழ 55 மணி நேரம். அப்படியானால் ஆகஸ்ட் 19 காலை 6 மணிக்கு உருவினால் 21-ஆம் தேதி மதியம் 1 மணிக்குக் கருவூட்டல். பஞ்சு 12 நாள் உள்ளே இருக்க வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று வைக்க வேண்டும். அது ஆடி மாதம். கருவூட்டலுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு ஆட்டுக்கும் தினம் 200 கிராம், 250 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுத்தால் முட்டை நன்றாக உருவாகும். அது ஜூலை மாதக் கடைசி. பொங்கல் குட்டிக்கு ஆடி முதல் பாதியில் தீனிச் செலவைத் தொடங்க வேண்டும். கையில் காசில்லாத மாதம் அது என்று உங்களுக்கே தெரியும்.

பொங்கலன்று நூறு ஆடும் ஒன்றாகக் குட்டி போடுமா? போடாது. சினைக்காலம் நான்கைந்து நாள் முன்பின் ஆகும். அதனால் ஒரே நாளில் கருவூட்டிய மந்தை ஒரு வாரம், பத்து நாள் பரவிக் குட்டி போடும். பருவத்தை மணிக் கணக்கில் கட்டிவிடலாம். பிறப்பை வாரக் கணக்கில்தான் கட்ட முடியும்.

இதை ஒருமுறை ஒரு கிராமக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். வயதான ஆட்டுக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். “ஏன் டாக்டரய்யா, ஒரே வாரத்துல அறுபது குட்டி விழுந்தா, அதைப் புடிச்சு மடியில விடுறதுக்கு ஆளு நீங்க அனுப்புவீங்களா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதல்ல.

பிறந்த குட்டி எழுந்து நின்று முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர் சீம்பாலாவது போக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பைக்குள் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போகிறது. ஒரு நாள் கடந்துவிட்டால் குடல் அதை உறிஞ்சாது. தலையீற்று ஆடு குட்டியை நக்காமல் விலகிப் போகும். இரண்டு தாய்கள் ஒரே இடத்தில் ஈன்றால் குட்டி மாறிவிடும். இதையெல்லாம் பார்க்க இரவும் பகலும் கண்விழித்த இரண்டு பேராவது வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் பருவத்தை ஒருங்கிணைத்தால், சாவையும் சேர்த்து ஒருங்கிணைத்ததாக ஆகிவிடும்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். மாதம் இரண்டு குட்டி விற்றால்தான் அந்த மாதம் ஓடும். ஒரே நாளில் முப்பது குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி விலையைத் தள்ளிவிடுவான். சிதறல் அவருக்குக் காப்பீடு. அறுபது ஆடு வைத்து மாதச் செலவுக்கு அதையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு நான் இன்றும் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே வயது, ஒரே எடைக் குட்டிகளைப் பண்டிகைச் சந்தைக்குச் சேர்த்துக் கொடுக்கும் பண்ணைக்கும், நல்ல கிடா இல்லாத ஊரில் சேர்ந்து செயல்படும் குழுவுக்கும், இனவிருத்தி நிலையத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஆசிரியர்களாகிய நீங்கள் இதன் இன்னொரு பக்கத்தை என்னைவிட அறிவீர்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கிடை போடப் போகிறார்கள். போகும் வழியில் குட்டி விழும். இளங்குட்டியால் மந்தையோடு நடக்க முடியாது. கூட்டில் அடைத்துக் காவல் இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பல சமயம் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும் ஒரு பிள்ளை. குட்டிகள் ஆண்டு முழுக்கச் சிதறி விழுந்தால் அந்தப் பிள்ளையின் விடுப்பும் ஆண்டு முழுக்கச் சிதறும். குட்டி பொங்கல் விடுமுறையில் விழுந்தால் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும் என்று நான் வாதாடப் போவதில்லை. பிள்ளைகள் அந்த வேலையைச் செய்வதே தவறு. ஆனால், தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது ‘ஏன் அனுப்பவில்லை?’ என்று தொடங்குவதற்குப் பதில் ‘இப்போது எத்தனை ஆடு சினை? எப்போது ஈனும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும். அந்தத் தேதிகள் தெரிந்தால், எந்த வாரத்தில் அந்தப் பிள்ளை நின்றுவிடும் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

அடுத்து, கருவூட்டல். கிராமத்தில் மாட்டுக்குப் போடுவதைச் சினை ஊசி என்கிறோம். 1939-ல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத் குமாரன் மாடுகளில் செய்து காட்டியதில் தொடங்கி, இன்று சினை ஊசி போகாத ஊர் இல்லை. இந்தியாவில் 2019 கணக்கெடுப்பின்படி 7 கோடிக்கும் மேல் செம்மறியாடுகள் இருக்கின்றன. பிறகு ஏன் ஆட்டுக்குச் சினை ஊசி போடும் ஆளை ஊரில் பார்க்க முடியவில்லை?

காரணம் கருப்பை வாய். மாட்டில் ஒரு கையை மலக்குடலுக்குள் விட்டு, கருப்பை வாயை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயை நேராகச் செலுத்திவிடலாம். ஆட்டில் கையை விட முடியாது. அதோடு செம்மறியின் கருப்பை வாய்க்குள் அடுக்கடுக்காக வளையங்கள். ஒன்றின் ஓட்டைக்கு நேரே அடுத்ததன் ஓட்டை இருக்காது. கோணல் மாணலான சந்துக்குள் குச்சியை விடுவது போன்றது. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குழாய் போகாது. விந்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். மீதி வழியை விந்தணு நீந்திக் கடக்க வேண்டும்.

புதிதாக எடுத்த விந்து கடந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இலியா இவானோவ் தொடங்கிவைத்த வேலை, 1930களில் சோவியத் கூட்டுப்பண்ணைகளில் செம்மறிகளுக்குப் பெருமளவில் பரவியது, இந்தப் புது விந்தை வைத்துத்தான். உறைய வைத்து உருக்கிய விந்தணு களைத்துப்போனது. பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் உறைவிந்துக்கு 1982 முதல் ஆஸ்திரேலியாவில் வேறு வழி கண்டார்கள். ஆட்டைப் பட்டினி போட்டு, தலை கீழாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மடிக்கு முன்னால் இரண்டு சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக் கருப்பைக் கொம்புக்குள்ளேயே விந்தைச் செலுத்துவது. பத்துக்கு ஆறு ஆடாவது நன்றாகச் சினை பிடிக்கும். ஆனால் கருவி வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும், மயக்க மருந்து வேண்டும். சைக்கிளில் வந்து போடும் சினை ஊசி அல்ல அது.

எனவே நம் ஊரில் நடைமுறைக்கு ஒத்தது புது விந்து. இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. கிடா ஒருமுறை தருவது ஏறத்தாழ 1 மில்லி லிட்டர். அதில் விந்தணு 300 கோடி அளவில். ஒரு ஆட்டுக்கு 10 முதல் 20 கோடி போதும். முட்டை மஞ்சள் கரு கலந்த கரைசலில் நீர்க்கச் செய்தால் ஒரு முறை எடுத்தது 15 முதல் 30 ஆட்டுக்கு வரும். இயற்கையாக விட்டால், சிதறிப் பருவத்துக்கு வரும் 30, 40 பெட்டைக்கு ஒரு கிடா போதும். நூறும் ஒரே நாளில் வந்தால் பத்துக் கிடாவாவது வேண்டும். மூன்று கிடா நாக்குத் தள்ளிப் படுத்துவிடும். பருவ ஒருங்கிணைப்பும் கருவூட்டலும் ஏன் கைகோத்து வருகின்றன என்பதற்கு இதுவே விடை. கருவூட்டிய 14-ஆம் நாளிலிருந்து கிடாக்களை மந்தையில் விட்டுவிட வேண்டும். தவறிய ஆடுகள் 17-ஆம் நாளை ஒட்டி மறுபடியும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். அவற்றைக் கிடா பார்த்துக்கொள்ளும்.

கருவூட்டலின் உண்மையான பயன் ஆள் மிச்சமோ நேர மிச்சமோ அல்ல என்பது என் கருத்து. நம் ஊரில் எந்தக் கிடாவை விற்கிறோம்? நன்றாக வளர்ந்ததை. ஆடியில் கோயிலுக்கு நேர்ந்துவிட்டதும், பக்ரீத்துக்கு நல்ல விலை போனதும் மந்தையிலேயே சிறந்த கிடா. யாரும் கேட்காத நோஞ்சான் மிஞ்சுகிறது. அடுத்த தலைமுறைக்கு அதுதான் அப்பா. அதுவும் பல ஆண்டு அதே மந்தையில் நின்று தன் மகள்களோடே சேர்கிறது. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர் என்று நமக்கு இருக்கும் இனங்கள் இப்படித்தான் மந்தைக்குள்ளேயே தேய்கின்றன. பத்தாம் வகுப்பில் டார்வினின் இயற்கைத் தேர்வை நடத்தும்போது, மனிதர் கையால் தலைகீழாக நடக்கும் தேர்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல கிடாவைக் குழுவாக வாங்கிக் காப்பாற்றி, பல மந்தைக்கு அதன் விந்தைப் பயன்படுத்தினால் இதை மாற்றலாம்.

மரபணு எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். வங்காளத்தின் சுந்தரவனத்தில் கரோல் என்ற சிறிய செம்மறி இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று மேயும். இரட்டைக் குட்டி, மூன்று குட்டி சாதாரணமாகப் போடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போன ஆடுகள் வழியாக இந்தக் குணம் அங்கே போனதாகக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் ‘பூரூலா’ என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள் வியக்கும்படி இரட்டை ஈன்றன. ஆராய்ந்தபோது ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று தெரிந்தது. ஃபெக்-பி என்று பெயர் வைத்தார்கள். 2001-ல் அந்தத் திடீர்மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். கரோல் ஆட்டிலும் அதே மாற்றம். மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரோல் ஆட்டின் அந்த மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து ‘நாரி சுவர்ணா’ என்ற ஆட்டை உருவாக்கியது. அவிகாநகரில் அதே மரபணுவோடு ‘அவிஷான்’ உருவானது.

கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வி இங்கேயும் வருகிறது. வெயிலில் பொட்டல் காட்டில் பத்துக் கிலோமீட்டர் நடந்து மேயும் ஆட்டுக்கு ஒரு குட்டிக்கான பால்தான் ஊறும். இரட்டை பிறந்தால் இரண்டும் அரைவயிறு. தாய்க்குக் கூடுதல் தீனி கொடுக்க முடிகிற வீட்டுக்கே இரட்டைக் குட்டி வரம்.

கடைசியாக, வகுப்பில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சில வார்த்தை. பஞ்சையோ ஹார்மோன் ஊசியையோ மாணவர் கையில் கொடுக்காதீர்கள். தொழிற்கல்விப் பிரிவு மாணவராக இருந்தாலும் கூடாது. கையுறை இல்லாமல் தொடக்கூடாத பொருள்கள் அவை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பெண் ஆசிரியர்கள் விலகி இருப்பது நல்லது. உருவிய பஞ்சை வயல் வரப்பில் வீசிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். அதில் மருந்து மிச்சம் இருக்கும், நாய் இழுத்துப்போகும். எரிக்க வேண்டும், அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். குட்டி போடாத இளம் ஆட்டுக்குப் பஞ்சு வைத்தால் உள்ளே காயமாகி ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் பார்க்காமல் வைக்கக் கூடாது.

மாணவர் செய்யக்கூடியது காவிக் கணக்கு. ஒரு மாணவியின் வீட்டு மந்தையில் இருபது ஆடு இருந்தால் போதும். காது அடையாளமோ, கழுத்தில் வண்ணக் கயிறோ வைத்து எண் கொடுங்கள். காவி பட்ட நாள், இரண்டாம் நிறம் பட்டதா, எதிர்பார்க்கும் ஈற்று நாள், ஈன்ற நாள், குட்டி எத்தனை, ஒரு மாதம் கழித்து உயிரோடு இருப்பவை எத்தனை என்று ஆறு கட்டம். எதிர்பார்த்த நாளுக்கும் ஈன்ற நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால் பரவல் என்றால் என்னவென்று புள்ளியியல் பாடத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையே போடும்.

மருந்தில்லாத ஒருங்கிணைப்பு ஒன்றையும் செய்து பார்க்கலாம். கிடாவை மந்தையின் பார்வைக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் ஒரு மாதம் கட்டிவைத்து, பிறகு திடீரென்று உள்ளே விட வேண்டும். கிடாவின் வாசனைபட்டே, பருவமின்றி நின்ற ஆடுகள் பல இரண்டு மூன்று நாளில் முட்டை விடும். அந்த முதல் முறை பருவ அறிகுறி இல்லாமல் போய்விடும். 18-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாளுக்குள் காவி வரிசையாக ஏறத் தொடங்கும். ஏற்கெனவே ஒழுங்காகச் சுழற்சியில் இருக்கும் ஆட்டுக்கு இது பெரிதாக வேலை செய்யாது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிள்ளைகளே நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

கருவூட்டலை நேரில் பார்க்க விரும்பும் பள்ளிகள், முதலில் தங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சேலம் பக்கம் இருப்பவர்களுக்குப் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய நிலையத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகளை அங்கே பார்க்கலாம். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள்; பத்து மணிக்குப் போனால் கொட்டகையும் புழுக்கையும்தான் இருக்கும். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் நிற்கவிடுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் கேட்க அவர்களிடம் கேள்வி இருக்கும்.